ஏகாம்பரம் வண்டியின் வலது பின்சக்கரம்

எங்கள் மெக்கானிக் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். "நீங்க பார்த்ததுலயே கஷ்டமான வேலை எது, அதை எப்படி முடிச்சீங்கன்னு எழுதிக் குடுங்கண்ணே" என்று செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். அவருடைய ஷெட்டில் இப்போது பாதிக்கு மேல் பேட்டரி ஆட்டோக்கள். பின்சக்கரத்தைக் கழற்றி வைக்கிறவன் கையில் கருப்பே ஒட்டுவதில்லை. அதனால்தான் எங்கள் காலத்து வேலையைக் கேட்கத் தோன்றியிருக்க வேண்டும்.

கஷ்டமான வேலை ஒன்று உண்டு. அதை முடிக்கவும் முடித்தோம். முடித்ததால் யாருக்கும் நல்லது நடக்கவில்லை. மலருக்கு இது பொருந்துமா என்று தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு இது ஒன்றுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

நான் மண்ணூர்க்காரன். பத்தாவதில் தவறியதும் பூந்தமல்லியில் ஒரு லாரி ஷெட்டில் சேர்ந்தேன். அங்கே கற்றது பெரும்பாலும் திட்டு வாங்குவது. கொஞ்சம் கிரீஸ் அடிப்பது, கொஞ்சம் பிரேக். தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்து, ரோட்டோரத்தில் ஆட்டோ ஷெட்டுகள் முளைத்தபோது, ஊருக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று அங்கே ஒரு ஷெட்டுக்கு மாறினேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அந்த ஷெட்டின் போர்மேன் ரஹமத் பாய்.

பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான மனுஷன். ஒரு கால் லேசாகச் சாய்த்து நடப்பார். சின்ன வயதில் வேறு ஒரு ஷெட்டில், பிடித்துப்போன டிரம் ஒன்றை இழுக்கும்போது அது திடீரென்று விட்டு எகிறி, முழங்காலுக்குக் கீழே அடித்த அடி. அதை அவராகச் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லிக் கேள்வி.

யாரிடமும் கத்தமாட்டார். வேலை தொடங்கும் முன் ஒரு கோணியை விரித்து, எந்தச் சாமான் முதலில் வேண்டுமோ அதிலிருந்து வரிசையாக அடுக்குவார். சுத்தி எப்போதும் கடைசியில்தான் இருக்கும். "எடுத்தவுடனே அடிக்கிறவன் மெக்கானிக்கு இல்ல தணிகா, கடப்பாக்கல்லு உடைக்கிறவன்" என்பார். வாடிக்கைக்காரர்கள் "ஆவுமா பாய்?" என்று கேட்டால் "ஆவும்" என்று அவர் வாயிலிருந்து வரவே வராது. "பார்க்கலாம்" என்பார். இதனால் நிறையப் பேருக்கு அவர்மேல் கடுப்பு. காசு கொடுத்து வண்டியை விடுகிறவன் ஒரு உறுதியான சொல்லைத்தானே எதிர்பார்ப்பான். முதலாளிக்கும் அது பிடிக்காது. ஆனால் பாய் கையை வைத்த வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை. அதனால் வைத்துக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரம் எங்கள் ஊர்க்காரர், எனக்கு அண்ணன் முறை. ஒரகடம் பக்கம் அவருக்கு இருந்த நிலம் கம்பெனிகளுக்கான எஸ்டேட்டுக்குப் போய்விட்டது. வந்த பணத்தில் பாதி கடனுக்கும் தங்கச்சி கல்யாணத்துக்கும் போக, மீதியில் ஒரு பழைய பாசஞ்சர் ஆட்டோ வாங்கினார். ஏர் பூட்டினவர் நாற்பது வயதுக்கு மேல் ஹேண்டில் பிடிக்கக் கற்றுக்கொண்டார். தெக்கத்திப் பெண்பிள்ளைகள் தங்கியிருந்த ஒரு ஹாஸ்டலில் அவருக்கு நிரந்தர ட்ரிப் கிடைத்தது. காலை ஷிப்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும், முடிந்ததும் கூட்டிவர வேண்டும். வண்டியில் மூன்று பேர்தான் உட்காரலாம் என்பது சட்டம். ஆறு, ஏழு பேர் உட்காருவார்கள். அந்த ரோட்டில் எல்லா வண்டியும் அப்படித்தான்.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. ஏகாம்பரத்துக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்துவிட்டார். வண்டி வீட்டுக்குப் பின்னால் கால்வாய் ஓரம் நின்றது. கால்வாய்த் தண்ணீர் ஏறி, பின்சக்கரம் பாதி முழுக நாள் கணக்கில் நின்றிருக்கிறது. அவர் எழுந்து வந்து ஸ்டார்ட் பண்ணியபோது இன்ஜின் எடுத்தது. வண்டி நகரவில்லை. வலது பின்சக்கரம் கல் மாதிரி நின்றது. டிராக்டர் வைத்து இழுத்துக்கொண்டு எங்கள் ஷெட்டுக்கு வந்தார். சக்கரம் உருளாமல் தார் ரோட்டில் தேய்ந்து, டயர் ஒரு பக்கம் வழுக்கையாகிவிட்டது.

"இன்னா பாய், ஆவுமா?"

"பார்க்கலாம் ஏகாம்பரம்."

"பார்க்கலாம்னா எப்பிடி பாய்? படுத்துக்கினு இருந்தப்ப வார்டன் அம்மா வேற வண்டி வெச்சிக்கினு இருந்தாங்க. இந்த வாரம் போய் நிக்கலைன்னா ட்ரிப்பு அவனுக்கே போயிடும்."

பாய் கோணியை விரித்தார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்து ஆட்டோவில் பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு இரும்புக் கையில் தொங்கும். ஆர்ம் என்போம். ஆர்மின் ஒரு முனையில் சக்கரத்துக்கான ஷாப்ட்டும் பேரிங்கும். மறு முனை, சேஸில் நீட்டிக்கொண்டிருக்கும், காது என்று நாங்கள் சொல்லும் இரண்டு ஓட்டைத் தகடுகளுக்கு நடுவே நீளமான ஒரு போல்ட்டில் மாட்டியிருக்கும். சேஸ் என்றால் வண்டியின் எலும்புக்கூடு. பள்ளம் மேட்டில் சக்கரம் ஏறி இறங்கும்போது ஆர்ம் அந்தப் போல்ட்டில்தான் ஆடும். வண்டியின் பின்பாரம் முழுக்க அந்த இரண்டு காதுகளில் வந்து இறங்கும்.

முதலில் ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டை கொடுத்து, சக்கரத்தை எடுத்தோம். பிரேக் டிரம் ஷாப்ட்டின் பல்லில் உட்கார்ந்திருக்கும். அதை ஒரு நட்டு பிடித்திருக்கும். நட்டு கழலாமல் இருக்க அதன் குறுக்கே ஒரு காட்டர் பின். அந்தப் பின் தொட்டதும் ஒடிந்து பாதி உள்ளேயே தங்கிவிட்டது. பாய் அதைக் குத்தவில்லை. சன்னமான டிரில் வைத்து, துளியும் அவசரப்படாமல் குடைந்து எடுத்தார். நட்டுக்கு ஸ்பேனரில் நீளக் குழாய் சொருகி நான் ஏறி நின்றேன். "மொதல்ல டைட் பக்கம் கொஞ்சம் அமுத்து" என்றார். அழுத்தினேன். கிறீச் என்று ஒரு சத்தம். "இப்போ லூஸ் பண்ணு." வந்தது. முழுக்கக் கழற்ற விடவில்லை. நாலைந்து திருகு மிச்சம் வைத்து நட்டை அப்படியே விட்டுவிடச் சொன்னார். டிரம் விடும்போது எகிறினால் அந்த நட்டு தடுக்கும். அதைச் சொல்லும்போது அவர் கை தானாகக் காலைத் தடவியது.

பிரேக் கேபிளைத் தளர்த்தினோம். மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் கலந்து பல்லில் ஊற்றினோம். டிரம்மைக் கவ்வி இழுக்கும் புல்லரை மாட்டி நடுத்திருகை முறுக்கினால் புல்லரின் கால் வளைகிறதே தவிர டிரம் அசையவில்லை. பாய் திருகின் தலையில் ஒரே ஒரு அடி அடித்தார். காத்திருந்தார். மறுபடி கால் சுற்று முறுக்கினார். மறுபடி ஒரு அடி. அன்று முழுக்க இப்படியே போனது. முதலாளி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஏகாம்பரம் ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்தபடி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். காமாலை முழுக்க இறங்காமல் கண் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது.

மறுநாள் கேஸ் நெருப்பு வைத்தார். ஷாப்ட் முனையில் ஈரச்சாக்கைச் சுற்றி, சுற்றிலும் டிரம்மின் நடுப்பகுதியை மட்டும் சூடாக்கினார். வெளியில் இருப்பது விரிய வேண்டும், உள்ளே இருப்பது விரியக் கூடாது. நெருப்பு ஒரே இடத்தில் நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. பிரேக் தூசி எரிந்து ஷெட் முழுக்க நாற்றம். திடீரென்று துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். டிரம் எகிறி நட்டில் முட்டி நின்றது.

ஏகாம்பரம் எழுந்து வந்து பாயின் தோளைத் தொட்டார். பாய் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

ஷாப்ட்டைச் சுற்றிப் பார்த்தால் பேரிங் பொடியாகியிருந்தது. பேரிங்கை அழுத்தி வெளியே தள்ள ஆர்மையே கழற்ற வேண்டும். அதற்கு அந்த நீள போல்ட்டை எடுக்க வேண்டும். அது ஆர்மின் ஓட்டைக்குள் இருக்கும் புஷ் என்ற குழாயோடு துருவோடு துருவாக ஒன்றாகியிருந்தது. டிரம்மை எடுத்ததே இதைவிடச் சுலபம் என்று தோன்றியது. ஸ்பேனரில் ஒரு மயிரிழை முன்னே, ஒரு மயிரிழை பின்னே. எண்ணெய் விடுவது, மறுபடி ஆட்டுவது. பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டினோம். சாயங்காலம் போல்ட் திரும்ப ஆரம்பித்தது. பிறகு அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. கடைசியாக முழுசும் உருவிக்கொண்டு வந்தபோது, அதோடு சேர்ந்து வேறு ஒன்றும் கீழே விழுந்தது.

சேஸின் காது. உள்பக்கத்துக் காது, பாதியாக ஒடிந்து கிடந்தது.

பாய் அதை எடுத்து இரண்டு விரலால் அழுத்தினார். அப்பளம் மாதிரி நொறுங்கியது. பிறகு கீழே படுத்து, காது ஒட்டியிருந்த சேஸ் சட்டத்தை ஸ்குரூ டிரைவரால் குத்தினார். அது உள்ளே போய்விட்டது. பெயிண்டுக்கு அடியில் பரோட்டா மாதிரி ஏடு ஏடாகத் துரு.

ரொம்ப நேரம் அவர் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்திருக்கவில்லை. நான்தான் கூப்பிட்டேன்.

"ஏகாம்பரம், இங்க வா" என்றார் எழுந்து. "இது ஆவாது. சேஸே போயிடுச்சு."

"வெல்டு வெச்சிடலாமே பாய்."

"வெல்டு பிடிக்க இரும்பு வேணும்பா. இங்க இரும்பு இல்ல, துருதான் கீது. புதுப்பேட்டையில நல்ல பழைய சேஸ் கிடைக்கும். நானே வந்து பார்த்துக் குடுக்கிறேன்."

"சேஸ் மாத்தினா நம்பர் மாறும். ஆர்.டி.ஓ. ஆபீசுல மாசக்கணக்கா நிக்கணும். அதுவரைக்கும் நான் இன்னா பண்றது?"

ஏகாம்பரம் ஒடிந்த காதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, குரலை உயர்த்தாமல், ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"பாய், நான் படுக்கறதுக்கு முன்னாடி வரைக்கும் வண்டி ஓடிச்சில்ல? அப்பவும் இந்தத் துரு இருந்திச்சில்ல?"

"இருந்திச்சு."

"அப்ப நீங்க டிரம்மு வந்ததோட விட்டு, இந்த போல்ட்டைக் கழட்டாம இருந்திருந்தா, பேரிங் கத்தினாலும் வண்டி ஓடிக்கினுதானே இருக்கும்?"

"ஓடிக்கினு இருக்கும்" என்றார் பாய். "துருவே அதைப் பிடிச்சிக்கினு இருந்தது. எத்தனி நாளுக்குன்னு சொல்ல முடியாது."

"அந்தக் கொஞ்ச நாளையாவது நீங்க விட்டிருக்கலாம் பாய்."

முதலாளி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தகட்டுல ஒரு பட்டி வெச்சு அடிச்சுக் குடுங்க பாய். அவருதானே கேக்கிறாரு. நம்ம வண்டியா?" என்றார்.

"முதலாளி, இதுல ஆளு ஏறும்."

"எல்லா வண்டியிலயும்தான் ஆளு ஏறுது."

"நான் தொடமாட்டேன்" என்றார் பாய். கோணியில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்து உள்ளே எடுத்து வைத்தார்.

ஏகாம்பரம் சண்டை போடவில்லை. மறுநாள் டிராக்டர் ட்ரெய்லரோடு வந்தார். கழற்றிய சாமான்களைச் சாக்கில் கட்டி நான்தான் ஏற்றி வைத்தேன். ஒரகடம் போகிற ரோட்டில் ஒருத்தன் வெல்டிங் கடை வைத்திருந்தான். அங்கே கனமான தகடு வெட்டி, சேஸின் இரண்டு பக்கமும் பட்டி போட்டு, புதுக் காது வைத்து, பேரிங் மாற்றிக் கொடுத்துவிட்டான். அந்த வாரமே வண்டி ஹாஸ்டல் வாசலில் போய் நின்றது.

வண்டி ஓடியது. அதுதான் எங்களால் தாங்க முடியாததாக இருந்தது. தை போனது, மாசி போனது, வெயில் காலமும் போனது. தினமும் காலையில் எங்கள் ஷெட்டைத் தாண்டித்தான் அந்த வண்டி போகும். உள்ளே பெண்பிள்ளைகள், எல்லோரும் ஒரே நிற யூனிபார்ம் கோட்டு, மடியில் சாப்பாட்டுப் பை. ஏகாம்பரம் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்குவார். குத்திக்காட்ட அல்ல. அவர் சுபாவமே அது. பாயும் கையைத் தூக்குவார். வண்டி தாண்டிப் போனதும் அதன் வலது பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஆட்டோ ஸ்டாண்டில் பேச்சு பரவியது. "பாய்க்கு வயசாயிடுச்சு, ஆவாதுன்னு சொன்ன வண்டி ஜம்முனு ஓடிக்கினு கீது" என்றார்கள். வண்டிகள் குறைந்தன. முதலாளி நேராக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பாயைக் கேட்காமலே வேலைகளை ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார்.

அந்த ஆடியில் என் மனைவி கோமதிக்கு மத்தியானத்தில் வலி எடுத்தது. குறித்த நாளுக்கு முன்னாலேயே எடுத்துவிட்டது. ஊரில் அந்த நேரத்துக்கு இருந்தது ஏகாம்பரத்தின் வண்டி ஒன்றுதான். ஷிப்டு முடிந்து கூட்டிவரப் போக வேண்டிய நேரம். ட்ரிப்பை விட்டுவிட்டு வந்தார். என் மாமியார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் கோமதி. அவள் என் கையைப் பிடித்துக் கத்திக்கொண்டிருக்கிறாள். நான் அவள் குரலைக் கேட்கவில்லை. வலது பக்கம் உட்கார்ந்து, எனக்கு அடியில் ஏதாவது முனகுகிறதா என்று கேட்டுக்கொண்டே போனேன். ஏகாம்பரம் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியைக் குழந்தையை இறக்குகிற மாதிரி இறக்கி ஏற்றினார். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். இரண்டு பேரும் நல்லபடி. காசு நீட்டினேன். "போடா" என்று விட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ஷெட்டுக்குப் போனபோது பாய் கேட்டார்: "எந்த வண்டியில போன?"

சொன்னேன்.

"சத்தம் எதனாச்சும் வந்திச்சா?"

"இல்ல பாய்."

தலையை ஆட்டினார். "நான்தான் தப்பா பார்த்துட்டேனா தெரியல" என்றார். ஒரு வேலையைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் தப்பாகப் பார்க்கவில்லை. அது தெரிய அடுத்த மழைக்காலம் வரை ஆயிற்று. ஒரு காலை, ஒரகடத்துக்குப் போகிற வழியில் ஒரு வளைவில், வலது பக்கத்து ஆர்ம் சேஸைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. வண்டி சாய்ந்து உருண்டது. பின்னால் வந்த லாரிக்காரன் பிரேக் போட்டிருக்கிறான், போதவில்லை. பெண்பிள்ளைகளில் ஒருத்தி அங்கேயே போய்விட்டாள். பெயர் முத்துலட்சுமி. மற்றவர்களுக்குக் கையிலும் காலிலும் அடி. ஏகாம்பரத்துக்கு இடுப்பு எலும்பு உடைந்தது.

வண்டியை போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்ஷனுக்கு உடைந்த பாகத்தைக் கழற்றிக் காட்ட மெக்கானிக் வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். பாயும் நானும் போனோம். அந்தப் பட்டி, அந்த வெல்டு, எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு கீறல் இல்லை. வெல்டுக்கு அந்தப் பக்கம், தகடு பிடித்துக்கொண்டிருந்த பழைய சட்டம்தான் தாள் மாதிரி கிழிந்திருந்தது. நான் கழற்றினேன். பாய் கிட்டே வரவில்லை. வேப்ப மரத்தடியில் நின்றபடி, கீழே கிடந்த சாப்பாட்டு டப்பா ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடி திறக்காமல் நசுங்கியிருந்தது.

எல்லாம் முடிந்து, முத்துலட்சுமியின் உடம்பை அவள் ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்து, கொஞ்ச நாள் கழித்து ஒரு பெரியவர் எங்கள் ஷெட்டைத் தேடி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு மஞ்சள் பை. நான் வெளியே நின்றிருந்தேன்.

"ஐயா, முத்துலட்சுமியோட அப்பன் நான். கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம். கேசு விசயமா வரச் சொல்லியிருந்தாவ. வண்டியில ஒடைஞ்ச சாமான நீங்கதான் கழட்டுனியன்னு ஸ்டேசன்ல சொன்னாவ."

"ஆமாங்க."

"அது என்ன சாமான்னு எனக்கு வெளங்கல. ஏதோ சொல்லுதாவ, இங்கிலீசுல சொல்லுதாவ. எம் புள்ளையோட அம்மா கேக்கா, எது ஒடைஞ்சதுன்னு. போய்ச் சொல்லணும்லா."

நான் அவரை உள்ளே கூட்டிப்போனேன். ஷெட்டில் ஒரு ஆட்டோ மரக்கட்டையில் ஏறி நின்றது. அதன் அடியில் குனிந்து, ஆர்ம் இது, போல்ட் இது, இந்தக் காதில்தான் மாட்டியிருக்கும், பாரம் இங்கேதான் வரும் என்று காட்டினேன். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டுப் பார்த்தார். விரலால் அந்தக் காதைத் தடவினார். பாய் அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"இவ்வளவு மொத்தமா இருக்க இரும்பு எப்படிய்யா கிழியும்?"

"துருங்க. உள்ள அரிச்சுடுச்சு."

"துரு ஒரு நாள்ல வராதுலா. இது முன்னாடியே யாருக்கும் தெரியாதா?"

பாய் எழுந்து வந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு வருஷம் முன்னாடி நான்தான் இதைக் கழட்டினேன். அப்பவே பார்த்தேன். இதுல ஆளு ஏத்தக் கூடாதுன்னு சொன்னேன்."

"யார்ட்ட சொன்னிய?"

"வண்டிக்காரர்கிட்ட. எங்க முதலாளிகிட்ட."

"அது சரி" என்றார் பெரியவர். அவர் குரலில் கோபம் இருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. "அந்த வண்டி எந்த வழியாப் போவும்?"

பாய் கையைக் காட்டினார். "இதோ, இந்த ரோட்டுலதான்."

"தெனமுமா?"

"தினமும்."

பெரியவர் ரோட்டைப் பார்த்தார். கம்பெனி பஸ் ஒன்று போனது, ஒரு லாரி போனது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏறிப்போன புள்ளையள்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா" என்றார். "எம் புள்ள படிச்ச புள்ள. சொன்னா கேட்டிருக்கும். நடந்தே போயிருக்கும்."

தண்ணீர் கொடுத்தேன், பெரியவர் குடித்தார். "வாரேன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்பினார். பாய் அவர் கூடவே பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோனார். வழியில் ஏதாவது பேசினார்களா என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்து சாயங்காலம் வரை எப்போதும்போல வேலை பார்த்தார்.

அதற்குப் பிறகு பாய் வேறு ஆளாகிவிட்டார். மோசமான வண்டி ஏதாவது ஷெட் பக்கம் வந்தால், ஓனரிடம் சொல்வதோடு நிறுத்தமாட்டார். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களிடம் போய், "இதுல போவாதீங்கம்மா, இறங்கிடுங்க" என்பார். சிலர் பயந்து இறங்குவார்கள். பலர் சிரிப்பார்கள், ஷிப்டுக்கு நேரமாகிறது என்பார்கள். ஆட்டோக்காரர்கள் அவரைப் பிடித்துத் தள்ளினார்கள், ஒருத்தன் கன்னத்தில் அறைந்தான். முதலாளி கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். ராணிப்பேட்டையில் மகள் வீட்டுக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். ஒரு முறை போய்ப் பார்த்தேன். பேரப்பிள்ளையின் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். வண்டிகளைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. அடுத்து நான் போனது அவர் மவுத்தாகி, அடக்கத்துக்கு.

ஏகாம்பரத்தின் வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. இடுப்பு சரியாகவே இல்லை. அவர் மனைவி செல்வி, தங்கள் நிலம் இருந்த இடத்தில் கட்டிய கம்பெனிக்கே ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போய்க் குடும்பத்தை ஓட்டினாள். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் ஏகாம்பரம், "பாப்பா நல்லா படிக்குதா?" என்று என் பெண்ணைத்தான் கேட்பார். அந்த வண்டியைப் பற்றி ஒரே ஒரு முறை பேசினார். "அன்னிக்குப் பாய் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம்டா" என்றார்.

நானும் அந்த ஷெட்டை விட்டேன். ஒரகடத்தில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்ந்து, பிறகு நிரந்தரமாகி, அங்கேயே ரிட்டையர் ஆனேன். பின்சக்கர ஆக்சில் பூட்டுகிற லைன். புது போல்ட்டுகளைப் புதுக் காதுகளில் மாட்டுவதுதான் வேலை. எல்லாம் மெஷின் முறுக்கும், சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். துரு என்ற பேச்சே இல்லை.

காலையில் மண்ணூர் கூட்டு ரோட்டில் நின்றால் கம்பெனி பஸ் வரும். கம்பெனியின் சொந்த பஸ் அல்ல, காண்ட்ராக்ட் பஸ். பழசு. நாற்பது, ஐம்பது பேர் ஏறுவோம், ஏறியதும் தூங்குவோம். இருபது வருஷத்துக்குக் கிட்ட அதில் போய் வந்தேன். ஒரு நாளும் அதன் அடியில் குனிந்து பார்க்கவில்லை. பார்த்து, ஏதாவது தெரிந்து, அதை நான் சொல்லியிருந்தாலும், அந்த நேரத்துக்கு யார் இறங்கியிருப்பார்கள்? ஷிப்டுக்கு நேரமாகிவிடும். நானும் இறங்கியிருக்க மாட்டேன்.